சொர்ணலதாவுக்கு நூற்றுப் பதினேழாவது மரியாதை

சுப்பையாவின் மகளுக்கு மரியாதை செய்வதென்று அரசாங்கம் முடிவெடுத்த நேரத்தில் அவர் மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. மரியாதை செய்வதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் எங்கும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருடம். மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் வைத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. பெயர் வைத்த கையோடு ஏகப்பட்ட குழுக்களையும் வைத்திருந்தார்கள். அதில் ஒரு குழு, பள்ளிக்கூடங்களில் வெவ்வேறு மொழி பேசும் பிள்ளைகள் ஒருவரையொருவர் மதித்து நடக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது. இதைக் கண்டுபிடிக்க அதற்கு இரண்டரை வருடமும் மடிகேரியில் மூன்று கூட்டங்களும் தேவைப்பட்டன. நல்ல விஷயம்தான். நல்ல விஷயமாகப் போய்விட்டதால் அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

திட்டத்தின் பெயர் பரஸ்பர மரியாதைத் திட்டம். ஒவ்வோர் அரசுப் பள்ளியும் மாதம் ஒரு முறை, வேற்று மொழியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு முறைப்படி மரியாதை செய்ய வேண்டும். முறை என்றால் ஐந்து அங்கம்: நாற்காலி, மைசூர்த் தலைப்பாகை, சால்வை, பன்னீர், உறுதிமொழி. பிறகு ஒரு போட்டோ. பிறகு படிவம் பதினான்கு, மூன்று பிரதி. மரியாதை செய்யத் தவறும் தலைமையாசிரியர் காட்டோரப் பள்ளி ஒன்றுக்கு மாற்றப்படுவார் என்று கடைசி வரியில் இருந்தது. அந்த ஒரு வரியைத்தான் எல்லாரும் இரண்டு தரம் படித்தார்கள்.

சுப்பையாவுக்கு வேண்டியிருந்தது வேறு. கொள்ளேகாலத்துக்கு அப்பால், மாதேஸ்வரன் மலை அடிவாரத்திலிருந்து பிழைக்க வந்தவர் அவர். பன்னிரண்டு வருடமாகத் தலையில் சும்மாடு வைத்துத் தார் சுமக்கிறார். மார்க்கெட்டில் அவர் கண்டுகொண்ட ஒரே உண்மை, எழுதப் படிக்கத் தெரிந்தவன் மண்டிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறான், தெரியாதவன் வெளியே நிற்கிறான் என்பது. மகள் சொர்ணலதா ஏழாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதிப் பாஸாகி ஹைஸ்கூலுக்குப் போய்விட்டால் மலைக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தார். மனைவி சரசு, அவள் பாஸாகாவிட்டால் தன்னோடு பூக்கட்ட உட்கார்த்தலாம் என்று ஒரு மணைப்பலகை வாங்கி வைத்திருந்தாள். குடும்பம் இரண்டுக்கும் தயாராக இருந்தது.

மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் இருந்த அரசு நடுநிலைப் பள்ளியில் கன்னட வகுப்புகளுக்குப் பெரிய கட்டடம். தமிழுக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் அறை. ஒன்றிலிருந்து ஏழுவரை பத்தொன்பது பிள்ளைகள், இரண்டு கரும்பலகை, ஓர் ஆசிரியை. ஆசிரியை அன்னபூர்ணி, ரயில்வே வேலைக்காக மைசூர் வந்த குடும்பத்துப் பெண். ஏழு வகுப்பையும் ஒரே தொண்டையால் நடத்தி வந்தார். ஏழாம் வகுப்பில் இருந்தது சொர்ணலதா ஒருத்திதான். வகுப்பில் முதலும் அவள்தான், கடைசியும் அவள்தான்.

தலைமையாசிரியை கௌரம்மா அந்த அறைக்குள் ஆறு வருடமாக வந்ததில்லை. கூரை ஒழுகும் என்பது காரணம். சுற்றறிக்கை வந்த அன்று குடையோடு வந்தார்.

"அன்னபூர்ணியவரே, இதில் மரியாதைக்குரியது எது?" என்று கன்னடத்தில் கேட்டார்.

பத்தொன்பது பிள்ளைகளும் எழுந்து நின்றன. கௌரம்மா சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றுக்குச் சட்டையில் பித்தான் இல்லை. ஒன்றுக்கு மூக்கு ஒழுகியது. ஒன்று பயந்துபோய் அழத் தயாரானது. சொர்ணலதா எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலையோடு நிமிர்ந்து நின்றாள்.

"இது ஆகும்" என்றார் கௌரம்மா.

முதல் மரியாதை ஆகஸ்ட்டில் நடந்தது. சுப்பையாவுக்கும் அழைப்பு. அதுவரை அவரைப் பள்ளி வாசலில் பார்த்தால் "ஏ ஹமாலி", அதாவது ஏ சுமைகூலி, என்று கூப்பிட்டு, பெஞ்சு மேசை நகர்த்தச் சொல்வதுதான் வழக்கம். அன்று கௌரம்மா "சுப்பையனவரே" என்று கூப்பிட்டார். சுப்பையா பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"சுப்பையனவரே, அந்தப் பெரிய நாற்காலியைக் கொஞ்சம் தூக்கி மேடைமேல் வையுங்கள்."

தூக்கி வைத்தார். அதில் அவர் மகளை உட்கார வைத்தார்கள். தலைப்பாகை, கல்வி அலுவலகத்தில் ஓய்வு பெறுகிறவர்களுக்கு வைப்பதற்கென்று இருந்த ஒரே தலைப்பாகை. முப்பது வருடம் சர்வீஸ் போட்ட தலைகளின் அளவுக்குச் செய்தது. சொர்ணலதாவின் தலையில் வைத்ததும் அது மூக்குவரை இறங்கியது. அதற்குள்ளிருந்து அவள், தனக்கு இங்கே மரியாதை கிடைத்தது என்றும் அதில் தனக்குக் குறையொன்றும் இல்லை என்றும் கன்னடத்திலும் தமிழிலும் உறுதிமொழி சொன்னாள். பன்னீர் தெளித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு தலைப்பாகையையும் சால்வையையும் திருப்பி வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

சுப்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான். அன்று சாயங்காலம் மண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தொல்லை அடுத்த வாரம் தொடங்கியது. மைசூரில் தமிழர்களுக்குப் பஞ்சமில்லை. வக்கீல்கள், டாக்டர்கள், பாங்கிக்காரர்கள் என்று தெருவுக்கு நாலு வீடு உண்டு. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வருவதில்லை. அபூர்வமாக வந்த ஒன்றிரண்டும் கன்னடத்தில் படித்து, கன்னடத்தில் சண்டை போட்டு, கன்னடத்தில் சமாதானமாயின. யார் எந்த மொழி என்று பார்த்தால் தெரியவில்லை. தெரியாதவர்களுக்கு மரியாதை செய்து என்ன பிரயோஜனம்? பிள்ளைகள் இப்படி வித்தியாசமே தெரியாமல் கலந்துபோயிருப்பது திட்டத்துக்குப் பெரிய இடைஞ்சல் என்று முதல் காலாண்டு அறிக்கை வருத்தப்பட்டது.

எனவே சுற்றுவட்டாரத்தில் பதினான்கு பள்ளிகள் சொர்ணலதாவை இரவல் கேட்டன. ஒரு ஜட்கா ஏற்பாடாயிற்று. அதில் ஒரு பக்கம் தலைப்பாகைப் பெட்டி, ஒரு பக்கம் சொர்ணலதா. காலையில் பத்து மணிக்கு வண்டி வரும். மரியாதை பத்து நிமிடம்தான், ஆனால் சிறப்பு விருந்தினர் வர மூன்று மணியாகும். அதுவரை அவள் தலைமையாசிரியர் அறை வாசலில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பாள். திரும்பி வரும்போது தமிழ் அறை பூட்டியிருக்கும்.

செப்டம்பர் கடைசியில் சுப்பையா தார் இறக்கிய கையோடு அன்னபூர்ணியைத் தேடிப் போனார்.

"ஏனுங் டீச்சரம்மா, புள்ள நோட்டுல மூணு வாரமா ஒண்ணுமே எழுதலீங்களே. கணக்குப் பாடம் ஓடுதுங்களா இல்லீங்களா?"

"ஓடறது சுப்பையா. அவதான் இங்க இல்லை" என்றார் அன்னபூர்ணி. "நான் என்ன பண்றது? கரும்பலகைல எழுதிட்டு, காலி பெஞ்சுக்குச் சொல்லிக்கொடுத்துட்டு, அழிச்சிடறேன். ஏழாங்கிளாஸுக்குப் பாடம் நடந்துதுன்னு காட்டணுமே."

"அனுப்ப மாட்டேன்னு சொல்லீர்றதுதானுங்களே."

அன்னபூர்ணி வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். சொர்ணலதா பெயருக்கு நேரே வரிசையாக 'வரவில்லை' குறி. "ஆசிரியருக்கு வெளி வேலைன்னா அதுக்கு ஒரு குறி இருக்கு. பிள்ளைகளுக்கு அப்படி ஒண்ணு கிடையாது. வேற என்ன போடறதுன்னு கேட்டு மூணு லெட்டர் எழுதிட்டேன். பதிலே இல்லை."

சுப்பையா கௌரம்மாவிடம் போனார். கௌரம்மா அவரை "சுப்பையனவரே" என்று நாலு தரம் கூப்பிட்டார், உட்காரச் சொல்லவில்லை.

"ஒரு பள்ளி மரியாதை செய்கிறேன் என்கிறது. நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். அப்படியென்றால் அந்தப் பள்ளியை நீங்கள் அவமதிக்கிறீர்கள். பரஸ்பரம் என்றால் என்ன? இரண்டு பக்கமும் வேண்டும். அவர்கள் தங்கள் பக்கத்தை ஒழுங்காகச் செய்கிறார்கள். உங்கள் பக்கத்தில்தான் குறை இருக்கிறது."

சுப்பையா தலையைச் சொறிந்துகொண்டு வந்துவிட்டார். அவமதிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. தன் பள்ளியில் சேராத பிள்ளைக்கு மரியாதை செய்தால் செல்லாது என்று தணிக்கையில் சொல்லிவிட்டார்கள். உடனே பதினான்கு பள்ளிகளும் சொர்ணலதாவைத் தங்கள் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டன. ஏழாம் வகுப்புப் பட்டியல் மட்டும் ஜூலையிலேயே தேர்வுத் துறைக்குப் போய்விட்டதால் அதில் யாராலும் கைவைக்க முடியவில்லை. காலியிடம் எங்கே இருந்ததோ அங்கே சேர்த்தார்கள். ஐந்து பள்ளிகளில் அவள் ஒன்றாம் வகுப்பு. ஆறில் மூன்றாம் வகுப்பு. மிச்சம் மூன்றில் நான்கு. மரியாதை கிடைக்கும் பிள்ளை வராமல் இருக்க நியாயமில்லை என்பதால் தினமும் வந்ததாகவே குறித்தார்கள்.

நவம்பரில் நஞ்சன்கூடு போனாள். சிறப்பு விருந்தினருடைய கார் வழியில் நின்றுவிட்டது. அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே ஏழாம் வகுப்பு. உள்ளே பின்னக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. சொர்ணலதா ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தாள். கடைசி பெஞ்சில் இருந்த நாகரத்னா என்ற பெண் அதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து, பெஞ்சில் தட்டி "பா, கூத்கோ" என்றாள். வா, உட்கார். சொர்ணலதா போய் உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு மணிக்கு நாகரத்னா தன் ரசபாளை வாழைப்பழத்தை எடுத்தாள். உரித்து, அடிஸ்கேலால் இரண்டாக வெட்டினாள், அது அரை. அரையை மறுபடி வெட்டினாள், அது கால். கால் ஒன்றைச் சொர்ணலதா வாயில் போட்டு, "மிச்சம் எவ்வளவு?" என்றாள். "முக்கால்" என்றாள் சொர்ணலதா, வாய் நிறையப் பழத்தோடு. காலில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று வெட்டப் போய்ப் பழம் கூழாகிவிட்டது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த வருடத்தில் அவளுக்கு யாராவது ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார்கள் என்றால் அது அந்தப் பழம்தான்.

விஷயம் மேலே போயிற்று. 'மரியாதை பெறவிருந்த மாணவியோடு மாணவி நாகரத்னா ஒரே பெஞ்சில் சரிசமமாக உட்கார்ந்து, ஒரே பழத்தைத் தின்று, அனுமதியின்றிச் சிரித்தது காணப்பட்டது' என்று அந்தப் பள்ளி அறிக்கை அனுப்பியது. நாகரத்னா ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நின்றாள். மரியாதை பெறும் பிள்ளையோடு மற்றப் பிள்ளைகள் நேரடியாகப் பேசக் கூடாது, பேசுவதானால் வகுப்புத் தலைவர் மூலமாக எழுத்தில் பேச வேண்டும் என்று புது விதி வந்தது.

ஜனவரியில் ஒரு கருத்தரங்கு. சொர்ணலதா மேடை நடுவில் தலைப்பாகையோடு நாற்காலியில் இருந்தாள். திட்டத்தின் விசேஷ அதிகாரி நாராயணஸ்வாமி பேசினார். நல்ல மனிதர். வெள்ளை முழுக்கைச் சட்டை, நெற்றியில் சின்னதாக ஒரு கோடு. அன்று திட்டத்தை முன்னிட்டுத் தமிழில் பேசப்போவதாக அறிவித்தார்.

"என் வீட்டில் பேசுவது தமிழ்" என்று ஆரம்பித்தார். "இதை முப்பது வருஷ சர்வீஸில் ஆபீஸில் ஒருத்தரிடமும் நான் சொன்னதில்லை. அது சக ஊழியர்களுக்கு நான் கொடுத்த மரியாதை. அவர்களும் என்னைக் கேட்டதில்லை. அது அவர்கள் எனக்குக் கொடுத்த மரியாதை. இப்படித்தான் இந்த மாநிலம் வளர்ந்தது. என் பிள்ளைகள் கான்வென்ட்டில் படிக்கிறார்கள். அங்கே எல்லா மொழிப் பிள்ளைகளும் உண்டு. எல்லாரும் இங்கிலீஷ் பேசுவதால் யாரும் யாரையும் மதிக்க வேண்டிய கட்டாயம் வருவதில்லை. அந்தச் சிரமம் அரசுப் பள்ளிக்குத்தான். அதனால்தான் இத்தனை பெரிய திட்டத்தை இங்கே போட்டோம். இந்தக் குழந்தையைப் பாருங்கள். ஆறு மாதத்தில் ஒரு புகார் உண்டா? ஒரு வார்த்தை உண்டா? மரியாதை கொடுத்தால் மனிதர்கள் எவ்வளவு அமைதியாகிவிடுகிறார்கள்!"

பலத்த கைதட்டல். சொர்ணலதாவின் முகம் தெரியவில்லை. தலைப்பாகைக்குள் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பின்வரிசைக்குப் பின்னால் நின்ற சுப்பையா கையைத் தூக்கினார். "ஏனுங் சாமி, தப்பா நெனச்சுக்காதீங்க. உக்காந்திருக்கற நேரத்துல அங்கங்க ரெண்டு கணக்குச் சொல்லிக்குடுத்தா புள்ளைக்கு ஒதவுமுங்க. மார்ச்சுல பரீட்சைங்க."

மேடையில் சலசலப்பு. இது நல்ல ஆலோசனை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு, பரிசீலிக்க மூன்று பேர் கொண்ட துணைக்குழுவை அங்கேயே அமைத்தார்கள். துணைக்குழு பிப்ரவரி முடிவில் தீர்ப்புச் சொன்னது. மரியாதை பெறுகிறவருக்குப் பாடம் நடத்துவது, விருந்துக்கு வந்தவரைப் பாத்திரம் தேய்க்கச் சொல்வதற்குச் சமம்.

சொர்ணலதா ஜட்காவில் படித்தாள். அன்னபூர்ணி காலையில் வண்டி வரும் முன்பே வந்து, அன்றையப் பாடத்தை ஒரு தாளில் எழுதித் தலைப்பாகைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவார். குதிரை ஓடும் ஓட்டத்தில் எழுத்துக் குலுங்கும். தலைமையாசிரியர் அறை வாசலில் பெட்டியையே மேசையாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பாள். எட்டு மாதத்தில் லாப நஷ்டக் கணக்கு, வட்டிக் கணக்கு, பரப்பளவு எல்லாம் முடித்துவிட்டாள். பின்னம் மட்டும் நாகரத்னா சொல்லிக்கொடுத்ததே போதுமாயிருந்தது. சுப்பையா அவளுக்குப் பரீட்சைக்கென்று ஒரு மைப் பேனா வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் இரண்டாம் வாரம் நோட்டீஸ் வந்தது. வேலை நாள் இருநூற்றுப் பதினான்கு. சொர்ணலதா வந்தது தொண்ணூற்றொன்பது. எழுபத்தைந்து சதவீதம் இல்லாதவர்கள் தேர்வு எழுத முடியாது.

அன்னபூர்ணி அதை வாசித்துச் சொல்லிவிட்டு அழுதார். "என் கையாலதான் போட்டேன் சுப்பையா. ஒவ்வொரு நாளும் நான்தான் போட்டேன்."

சுப்பையா வேலைக்குப் போகாமல் கல்வி அலுவலகத்துக்குப் போனார். நாராயணஸ்வாமி அன்பாகத்தான் வரவேற்றார். "உக்காருங்கோ சுப்பையா" என்றார். உட்கார ஒன்றும் இல்லை. நாற்காலி மரியாதைக்குப் போயிருந்தது.

"ஏனுங் சாமி, புள்ளயக் கூட்டிட்டுப் போனது நீங்கதானுங்களே. இப்ப வரவே இல்லீன்னா எப்புடிங்க?"

"ஸ்வல்ப பொறுங்கோ. வரலைன்னு யார் சொன்னா? பதினாலு பள்ளிக்கூடத்துலயும் தினம் வந்திருக்கா. ஒரு நாள் தப்பலை. கூட்டிப் பார்த்தா ஆயிரத்து நானூறு பர்சென்ட். இந்த ஜில்லாவுல இவ்வளவு வருகை வேற எந்தக் குழந்தைக்கும் கிடையாது. உங்க பள்ளிக்கூடத்துல மட்டும்தான் வரலை. அது உங்க பள்ளிக்கூடத்தோட குறை."

"அதுல ஒண்ண எடுத்து இதுல போட்டுக்கங்களேன் சாமி."

"வருகையை மாத்த முடியாது. மரியாதையைத்தான் ஊர் ஊராக் கொண்டுபோகலாம்."

"அப்ப அங்க எங்கியாச்சும் ஒரு எடத்துல எழுதட்டுமுங்க."

நாராயணஸ்வாமி பதிவேடுகளைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "ஒண்ணு, மூணு, நாலாம் கிளாஸ்ல எல்லாம் பொதுத் தேர்வே கிடையாது. ஒண்ணாம் கிளாஸ்ல இருக்கற அஞ்சு ஸ்கூல்லயும் அவ ரெண்டாம் கிளாஸுக்குப் போயிடுவா. அதுல சந்தேகமே வேண்டாம்."

சுப்பையா மடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது அதுல ஒரு பள்ளிக்கூடத்துல எடுத்ததுங்களே. புள்ள எங்க இருந்தான்னு இதே சொல்லுமே."

நாராயணஸ்வாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "முகம் தெரியலையே சுப்பையா. தலைப்பாகைதான் தெரியறது. தலைப்பாகை வந்ததுக்கு இது அத்தாட்சி. அதை நான் ஒத்துக்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, தன் வீட்டு மனிதரிடம் பேசுவதுபோலச் சொன்னார்: "உண்மையைச் சொல்லட்டுமா? அவ பாஸ் பண்ணிப் போயிட்டா, அடுத்த வருஷம் நாங்க யாருக்கு மரியாதை பண்றது? பதினாலு பள்ளிக்கூடம் காத்திண்டிருக்கு. உங்க குழந்தையைப் பத்தி மட்டும் யோசிக்காம, அதையும் ஸ்வல்ப யோசிங்கோ."

சுப்பையாவுக்குக் கோபம் வரவில்லை. நாள் முழுக்கத் தார் சுமந்தபின் உச்சந்தலையில் கை வைத்தால் வைத்ததே தெரியாது. கோபம் வர வேண்டிய இடம் அப்படி இருந்தது. "வர்றனுங்" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். அந்த வார்த்தையும் யாரோ சொன்னதுபோலத்தான் கேட்டது.

தேர்வின் முதல் நாள் கணக்கு. அன்றும் ஜட்கா வந்தது. வழக்கம்போல வேறு பள்ளிக்கு இல்லை, அவளுடைய பள்ளிக்கே. ஜூலைப் பட்டியலில் பெயர் இருந்ததால் சொர்ணலதா ஒருத்திக்காக ஒரே ஒரு தமிழ்க் கேள்வித்தாள் அச்சாகி, அரக்கு முத்திரையோடு வந்து சேர்ந்திருந்தது. எழுத ஆளில்லை. பிரிக்காமல் திருப்பி அனுப்பினால் அந்த மொழிக்கு அவமரியாதை. ஆகவே அந்த மொழி தெரிந்த மாணவர் ஒருவரை மரியாதையோடு அமர வைத்து, அவர் முன்னிலையில் முத்திரையை உடைத்து, உள்ளே இருப்பது தமிழ்தான் என்று முழுவதும் படித்துப் பார்க்கச் சொல்லி, கையெழுத்து வாங்கி, மறுபடி ஒட்டி அனுப்ப வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்து சும்மா இருந்த மாணவி அன்று ஒருத்திதான்.

நாற்காலியைச் சுப்பையாதான் தேர்வறை வாசலில் தூக்கி வைத்தார். கூப்பிட்டது "சுப்பையனவரே" என்றுதான். தலைப்பாகை, சால்வை, பன்னீர். உள்ளே கன்னட வழிப் பிள்ளைகள் எழுத ஆரம்பித்திருந்தார்கள். கௌரம்மா முத்திரையை உடைத்துத் தாளை நீட்டினார். சொர்ணலதா தலைப்பாகையை ஒரு கையால் நெற்றிக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் கேள்வியிலிருந்து பத்தாவது கேள்விவரை படித்தாள். அவசரமில்லாமல் படித்தாள். சில இடத்தில் நிறுத்தி, உதடு அசைய, திரும்பப் படித்தாள்.

"தமிழ்தானே?" என்றார் கௌரம்மா.

"தமிழ்தான் மிஸ்."

பரீட்சைக்கென்று வாங்கிய பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். தாளை வாங்கி உறையில் போட்டு ஒட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். படிவம் பதினான்கில் வரிசை எண் நூற்றுப் பதினேழு என்று எழுதினார்கள். அன்னபூர்ணி தமிழ் அறையை விட்டு வெளியே வரவே இல்லை.

அப்பாவும் மகளும் மார்க்கெட்டுக்கு வந்தார்கள். அரை நாள் வேலையாவது பார்க்கலாம் என்று சுப்பையா சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து ஒரு தாரை ஏற்றிக்கொண்டார். சொர்ணலதா பக்கத்தில் நடந்தாள். சரசுவின் பூக்கடைக்கு எதிரே, மணைப்பலகை தெரியும் இடத்தில், அவர் நின்றார்.

"கேள்வி கஷ்டமா கண்ணு?"

"இல்லப்பா. எல்லாம் தெரிஞ்சதுதான்."

"மொதக் கேள்வி என்ன?"

சொன்னாள். வட்டிக் கணக்கு. பதிலையும் சொன்னாள். அப்புறம் இரண்டாவது. அப்புறம் மூன்றாவது. வழியை மறித்துக்கொண்டு நின்றதால் ஆட்கள் திட்டிக்கொண்டே இடித்துக்கொண்டு போனார்கள். சுப்பையா தாரை இறக்கவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் "சரி" என்றார். அவருக்கு எண் எழுத்துத் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் அவர் "சரி" என்று சொல்லும்வரை காத்திருந்தாள்.

ஒன்பதாவது முடிந்தபோது மார்க்கெட் வாசலில் ஜட்காவின் மணி கேட்டது. ஒரு பள்ளிக்கு மார்ச் மாத மரியாதை பாக்கி இருந்ததாம். வண்டிக்காரர் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

"பத்தாவது?" என்றார் சுப்பையா.

"அது பின்னக் கணக்கு. அதுதான் எனக்கு நல்லாத் தெரியும். வந்து சொல்றேன்ப்பா."

போய் வண்டியில் ஏறினாள். பெட்டியைத் திறந்து, யாரும் சொல்லாமலே தலைப்பாகையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.